நாம தோத்துட்டோம்

எதிர்வீட்டு டிவி என் போனைவிட அரை நிமிடம் முந்தி ஓடும். அங்கே டிஷ், இங்கே ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதனால் ஐபிஎல் மாதங்களில் எனக்கு எதுவும் புதுசாக நடப்பதில்லை. என் திரையில் பவுலர் ஓடிவரத் தொடங்கும்போதே எதிர்வீட்டிலிருந்து கூச்சல் வந்துவிடும். அது சிக்ஸருக்கா விக்கெட்டுக்கா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். அப்புறம்தான் பந்து வரும். நடந்து முடிந்ததை நான் மறுபடி நடக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

2024 மே 18, சனிக்கிழமை இரவு. எங்கள் வீட்டு டிவியை அப்பா பதினைந்தாவது ஓவரிலேயே அணைத்துவிட்டார். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் அணைத்துவிடுவது அவர் வழக்கம். நான் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். பெங்களூரு 218 அடித்திருந்தது. சென்னை ஜெயிக்கக்கூட வேண்டாம். 201 வரைக்கும் வந்துவிட்டால் ரன் ரேட்டில் தப்பித்து அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். கடைசி ஓவரில் அதற்கு 17 வேண்டும். யஷ் தயாள் போட்ட முதல் பந்தைத் தோனி தூக்கி ஆகாயத்துக்கு அனுப்பினார். அடுத்த பந்தில் கேட்ச். அப்புறம் ஒரு பந்து வீண். ஒரு பந்தில் ஒரு ரன். இரண்டு பந்து, பத்து ரன், ஆடுவது ஜடேஜா.

எதிர்வீட்டில் கூச்சல் இல்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "ச்சை" என்று ஒரு குரல். பிறகு விளக்கு அணைந்தது.

என் போனில் ஜடேஜா இன்னும் பந்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

*

இதே கணக்கு ஒரு வருடத்துக்கு முன்னாலும் வந்தது. 2023 இறுதிப்போட்டி, அகமதாபாத். ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய ஆட்டம் மழையால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போய், அன்றும் மழை பெய்து, பதினைந்து ஓவரில் 171 என்று சுருங்கி, செவ்வாய் பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆன பிறகு கடைசி இரண்டு பந்துக்கு வந்து நின்றது. அன்றைக்கும் பத்து ரன். அன்றைக்கும் ஜடேஜா. ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர்.

ஹாஸ்டலில் என் அறையில் பதினோரு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக்கல் கடைசி செமஸ்டர் முடிகிற நேரம். பெட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆஃபர் லெட்டர். "நாம ஜெயிச்சிட்டோம்டா" என்று கட்டிப்பிடித்துக் கத்தினோம். திட்ட வந்த வார்டன் வாசலில் நின்று ஸ்கோர் கேட்டுவிட்டுப் போனார்.

தமிழ் இந்த விஷயத்தில் கறாரான மொழி. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம', விட்டுவிட்டால் 'நாங்க'. எதிரணி ரசிகனிடம் வம்புக்குப் போகும்போது மட்டும் 'நாங்க அஞ்சு கப்பு' என்போம். மற்ற நேரமெல்லாம் 'நாம'தான். பந்தைத் தொடாதவன், மைதானத்தை நேரில் பார்க்காதவன், டிக்கெட் வாங்க வழியில்லாதவன், அத்தனை பேரும் அந்த ஒரு சொல்லில் ஏறிக்கொள்கிறோம். தோற்றால் இறங்கிவிடுகிறோம். "அவனுங்க தோத்துட்டானுங்க." ஒரு ராத்திரிக்குள் தன்மை படர்க்கையாகிவிடும்.

வீட்டிலும் இந்த இலக்கணம் செல்லுபடியாகும் என்பதை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் கண்டுகொண்டேன். ஆஃபர் லெட்டர் வந்த வாரம் அப்பா கடை கடையாக "நம்ம பையனுக்கு வேலை கெடச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டு போனார். கம்பெனியிலிருந்து சேரும் தேதி வரவில்லை. 'விரைவில் தெரிவிக்கிறோம்' என்று ஒரு மெயில், மூன்று மாதம் கழித்து அதே வாசகத்தில் இன்னொன்று, பிறகு மறுபடியும் ஒரு ஆன்லைன் தேர்வு, கடைசியில் இரண்டு வரியில் கைகழுவல். அதற்குள் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. அந்தப் பதினான்கு மாதத்தில் நான் மெல்ல மெல்ல 'உம் மவன்' ஆனேன். நான் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போதே அப்பா அடுப்படியைப் பார்த்துக் கேட்பார்: "உம் மவன் சாப்ட்டானா?"

*

எங்கள் ஊர் கோவில்பட்டி. வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாய். உள்ளூரில் இரண்டு விஷயம்: தீப்பெட்டி, ஹாக்கி. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். தீப்பெட்டி செய்யும் இடத்தை ஆபீஸ் என்றுதான் இங்கே எல்லாரும் சொல்வார்கள். ஒரு ரூபாய்ப் பெட்டி பதினான்கு வருடம் ஒரு ரூபாயாகவே இருந்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. அது ஆனபோது பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு பிளாஸ்டிக் லைட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அந்த லைட்டரைக் கண்டால் ஆகாது. டீக்கடையில் யாராவது அதைச் சொடுக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தோற்கிற அணியின் ஆள் எப்படி இருப்பான் என்று நான் வெளியே போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில் அப்பா ஹாக்கி ஆடியவர். மே மாதம் லட்சுமி அம்மாள் கோப்பை நடந்தால் ராத்திரி ஆட்டம் முழுக்க உட்கார்ந்து பார்ப்பார். 2022 ஆசியக் கோப்பையில் எங்கள் ஊர் மாரீஸ்வரன் இந்திய அணியில் ஆடியபோது தனக்கே தொப்பி கொடுத்த மாதிரி நடந்துகொண்டார். "இந்த ஊர்ல பொறந்துட்டு மட்டை புடிக்கிறவனப் பாக்குறியே" என்பது அவருடைய பழைய குறை. ஆனாலும் கிரிக்கெட்டையும் விடமாட்டார். ஹாக்கியில் அவர் ஒருமுறைகூட பாதியில் எழுந்து போய் நான் பார்த்ததில்லை. கிரிக்கெட்டில் தோற்கிற ஆட்டத்தை ஒருமுறைகூட கடைசிவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆடிப் பார்த்தவனுக்குத் தோல்வி ஆட்டத்தின் ஒரு பகுதி. பார்த்து மட்டுமே பழகியவனுக்கு அது யாரோ தனக்குச் செய்த துரோகம். ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன.

வேலையில்லாதவனுக்கு வீட்டில் வேலை இல்லாமல் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி எங்கள் தெருவுக்கு வந்து சேரும் நேரம் விடிகாலை மூன்றாகவும் இருக்கும். குடம் பிடிப்பது நான். கரண்டு பில், கேஸ் புக்கிங், ரேஷன் கடையில் கைரேகை, அம்மாவின் தங்கச்சி மகளுக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், எதிர்வீட்டுப் பெரியவரின் போனில் வந்துவிட்ட ஏதோ ஒரு செயலியை நீக்குவது, எல்லாம் என் தலையில். "ஏய்யா, சும்மாதான இருக்க" என்றுதான் ஒவ்வொரு வேலையும் தொடங்கும். அப்படிக் கேட்ட பிறகு ஒருவன் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

*

ரன் ரேட் கணக்கில் ஒரு விதி உண்டு. ஒரு அணி பதினாறாவது ஓவரில் ஆல் அவுட் ஆனாலும் இருபது ஓவர் ஆடியதாகத்தான் வகுப்பார்கள். ஆடாத ஓவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இதைவிடச் சரியாக என் பயோடேட்டாவை யாரும் விளக்கியதில்லை. "2023க்கு அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று நேர்காணலில் கேட்கிறவர் ஆடாத ஓவரைத்தான் வகுக்கிறார்.

அதனால் ஊரில் பாதிப் பேர் செய்வதைச் செய்தேன். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு. 2024 ஜூன் 9 அன்று பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினோம். அறிவித்த இடங்கள் 6,244. இருநூறு கேள்வி, முந்நூறு மதிப்பெண், மூன்று மணி நேரம். தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே யூடியூபில் கோச்சிங் சென்டர் ஆட்கள் விடையைப் போட்டுவிட்டார்கள். அதற்கடுத்த ஐந்து மாதம் நான் படித்தது பாடம் இல்லை, கட் ஆஃப். எனக்கு இத்தனை சரி. வேகன்சி கூடினால் வாய்ப்பு. போன தடவை தட்டச்சு முடித்தவர்களுக்கு எவ்வளவில் நின்றது? பெங்களூரு தோற்று, லக்னோ ஜெயித்து, மழை வந்தால் நாம் உள்ளே என்று ஏப்ரல் மே மாதங்களில் போடும் கணக்குக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இடங்கள் படிப்படியாக ஏறி 9,491 ஆனது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் எங்கள் வாட்ஸாப் குழுவில் பட்டாசு வெடித்தது.

கையில் எதுவும் இல்லாதவன்தான் இவ்வளவு கணக்குப் போடுவான். அவனேதான் சகுனமும் பார்ப்பான். அம்மா அடுப்படியை விட்டு வந்து நின்றால் விக்கெட் விழும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பாவம், அவளுக்கு எல்பிடபிள்யூ என்றால் என்னவென்று தெரியாது. தான் வந்தால் விழும் என்பது தெரியும். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் கரண்டியோடு நின்று "இப்ப வரலாமா?" என்று கேட்பாள். நான் தேர்வுக்குப் போன அன்று, நான் வீடு திரும்பும்வரை அவள் அந்த நிலைப்படியைத் தாண்டவில்லை என்று சித்தி பிறகு சொன்னார்.

அக்டோபர் 28, தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, ரிசல்ட் வந்தது. என் தரவரிசை ஐந்து இலக்கத்தில் இருந்தது. எதிர்வீட்டுப் பையன் என்னைவிட முந்திப் பார்த்துவிட்டான். அவன் வாசலில் நின்று என் வீட்டைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விஷயம் தெரிந்தது. என் வீட்டு நெட் வழக்கம்போல அரை நிமிடம் பிந்தியிருந்தது.

*

2025 சீசனைப் பற்றிச் சென்னை ரசிகனிடம் கேட்கக் கூடாது. மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூரு ஜெயித்தது. 2008க்குப் பிறகு அங்கே அவர்களுக்கு அது முதல் வெற்றி. அன்றைக்குத் தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு வந்து பதினாறு பந்தில் முப்பது அடித்தார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. "நாப்பத்திமூணு வயசு. இறங்குறதுன்னா முன்னாடி இறங்கணும். இல்ல, எடத்த விட்டுக் குடுக்கணும். எத்தன பசங்க வெளிய உக்காந்திருக்கானுங்க?"

அப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "விட்டுட்டுப் போகணும்னு அவனுக்கும்தான் இருக்கும். வெளிய உக்காந்திருக்கவன் எறங்கி அடிப்பான்னு தெரிஞ்சாத்தான போவான்."

சொல்லிவிட்டு டிவியை அணைத்தார். அப்பாவுக்கு ஐம்பத்தேழு. கண்ணில் புரை. டாக்டர் ஆபரேஷன் பண்ணச் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. லீவு போட முடியாது என்று தள்ளிக்கொண்டிருக்கிறார். தோனியைப் பற்றி அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 28 இரவு, ஜெய்ப்பூரில் வைபவ் சூர்யவன்ஷி முப்பத்தைந்து பந்தில் சதம் அடித்தான். அம்மா சட்டத்தை மறந்து ஹாலுக்கு வந்துவிட்டாள். "இந்தப் பிள்ளைக்கு என்ன வயசுய்யா?" "பதினாலு." யாரும் எதுவும் சொல்லவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. எனக்கு இருபத்திமூன்று. "பாவம், படிப்பு போச்சே" என்று அம்மா முணுமுணுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். எனக்காகச் சொன்னாளா, உண்மையிலேயே அவனுக்காக வருத்தப்பட்டாளா என்று இன்றுவரை தெரியாது.

அந்த வருடம் சென்னை கடைசி இடம் பிடித்தது. வரலாற்றில் முதல் முறை. ஜூன் 3 அன்று பெங்களூரு பதினெட்டாவது சீசனில் முதல் கோப்பையை வாங்கியது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அறைத்தோழன் ஒருவன் அழுதுகொண்டே போன் பண்ணினான். 'ஈ சாலா கப் நம்தே' என்று வருடா வருடம் அவனைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அன்றுதான் அந்தக் கன்னட வாக்கியத்தைக் காதில் வாங்கினேன். கப் நம்முடையதே. அங்கேயும் அதே 'நம்'. மறுநாள் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே கொண்டாட்டத்துக்கு வந்த கூட்டத்தின் நெரிசலில் பதினோரு பேர் செத்துப்போனார்கள். 'நம்முடையது' என்று நம்பி வந்தவர்கள். அவனுக்குப் போன் போட்டேன், எடுக்கும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. போகவில்லை, ஆபீஸில் இருக்கிறேன் என்றான். 'நாம' என்பது கேலரியிலிருந்து மைதானத்தைப் பார்த்துச் சொல்லும் சொல். மைதானத்திலிருந்து அது திரும்பி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தெரிந்தும் சொல்கிறோம்.

*

நான் சொல்ல வந்தது ஏப்ரல் 11. சேப்பாக்கத்தில் சென்னை இருபது ஓவரில் 103. கொல்கத்தா அதைப் பதினோராவது ஓவரின் முதல் பந்திலேயே முடித்துவிட்டது. சொந்த மண்ணில் தொடர்ந்து மூன்றாவது தோல்வி. அப்பா எட்டாவது ஓவரில் அணைத்தார். தூக்கம் வராமல் இருவரும் மாடிக்கு வந்தோம்.

"இதே கிரவுண்டுதான்" என்றார். "அன்னிக்கும் எந்திரிச்சு வந்துட்டேன்."

அன்னிக்கு என்றால் 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுடன் டெஸ்ட். 271 எடுக்க வேண்டும். முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 அடித்து, பதினேழு ரன் பாக்கி இருக்கும்போது அவுட். மிச்சம் மூன்று விக்கெட்டும் நான்கு ரன்னில் போய், பன்னிரண்டு ரன்னில் தோல்வி. ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து வீட்டு டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவர், டெண்டுல்கர் அவுட் ஆனதும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஹாக்கி கிரவுண்டுக்குப் போய்விட்டாராம்.

"அப்ப ஜனங்க எந்திரிச்சு நின்னத நீங்க பாக்கலையா?"

"பேப்பர்ல படிச்சேன்."

போனில் தேடி எடுத்தேன். வாசிம் அக்ரம் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். கேலரி முழுக்க எழுந்து நிற்கிறது. கைதட்டுகிறார்கள். பழைய வீடியோ, முகங்கள் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தன. அப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். ஜெயித்தவர்களை அவர் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

"இத்தன பேரும் போகாமயா உக்காந்திருந்தாங்க" என்றார்.

எனக்கு 2023 நவம்பர் 19 ஞாபகம் வந்தது. பத்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து வந்த இந்தியா உலகக் கோப்பை இறுதியில் தோற்ற ராத்திரி. டிராவிஸ் ஹெட் 137. கோப்பை கொடுக்கும் நேரத்தில் அகமதாபாத் நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. அன்றைக்கு நானும் எழுந்து போய்விட்டேன். போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுத்து வந்தவர்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். ஆனால் தோற்ற பிறகும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் பார்க்கக் கிடைத்த ஒன்று உண்டு. அப்பாவுக்கு அது கிடைக்க இருபத்தாறு வருடம் ஆயிற்று.

*

ஏப்ரல் 25 அன்று ஹைதராபாத் முதன்முறையாகச் சேப்பாக்கத்தில் சென்னையைத் தோற்கடித்தது. அதே நாளில் அடுத்த குரூப் 4 அறிவிப்பும் வந்தது. இடங்கள் 3,935. போன தடவையைவிடக் குறைவு. கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது, போடவில்லை.

ஜூலை 12, சனிக்கிழமை. அப்பா அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னை டிவிஎஸ்ஸில் கொண்டுபோய் விட்டார். ஹால் டிக்கெட், கறுப்புப் பேனா, ஆதார் என்று வாசலில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். "நீங்க ஆபீஸுக்குப் போங்கப்பா, நான் பஸ்ல வந்துக்குறேன்" என்றேன். "சரி சரி, உள்ள போ" என்றார்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. அப்பா அதில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முன்பக்க மட்கார்டில் உதிர்ந்த வேப்பம்பழம். சுற்றிலும் அவரைப் போலவே இருபது முப்பது அப்பாக்கள், அண்ணன்கள், கைக்குழந்தையோடு கணவன்மார். மூன்று மணி நேரமும் அவர்கள் பார்க்க அங்கே எதுவும் இல்லை. பூட்டிய கேட்டும் அதற்குப் பின்னால் ஒரு மஞ்சள் சுவரும்தான்.

"போகலையாப்பா?"

பதில் சொல்லவில்லை. வண்டியை உதைத்தார். இரண்டாவது உதையில் எடுத்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். மெயின் ரோடு திரும்பும்போது, முன்னால் பார்த்தபடியே, போகிற காற்றில் கேட்டார்:

"எப்படி எழுதிருக்கோம்?"